பெயரை மறைத்துக்கொண்டு போருக்குப் போனவர் – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் பாரிஸ் 1944 ஆகஸ்ட் 25-ஆம் தேதி விடுதலையானதைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். அதற்குப் பதில் எழுதும்போது, நகரத்துக்குள் நுழைந்த பிரெஞ்சு டாங்கி டிவிஷனின் தளபதி லெக்லேர் அடிப்படையில் ஒரு குதிரைப்படைக்காரர் என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. எனக்கு மிகவும் பிடித்த மனிதர் என்பதால் இந்த முறை பக்கம் முழுவதையும் அவருக்கே கொடுத்துவிட்டேன்.

குதிரைப்படை அதிகாரி எப்படி டாங்கிப் படைக்குத் தலைவரானார்? இரண்டும் வேறு வேறு வேலை இல்லையா?
– திருச்சி வாசகர்

வேலை வேறுதான், ஆனால் யோசிக்கும் விதம் ஒன்று. முதல் உலகப் போர் முடிந்த பிறகு பிரான்சில் குதிரைப்படை ரெஜிமென்ட்கள் மெல்ல மெல்லக் குதிரையை விட்டுவிட்டுக் கவச வண்டிக்கும் டாங்கிக்கும் மாறின, ஆனால் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. மார்புக்கவசம் அணிந்த பழைய குதிரை வீரர்களின் பெயரான 'குய்ராசியே' என்பது இன்றும் ஒரு டாங்கி ரெஜிமென்டின் பெயர்தான்.

லெக்லேர் 1902-இல் வடக்கு பிரான்சின் பிக்கார்டி பகுதியில் ஒரு பழைய பிரபுக் குடும்பத்தில் பிறந்தவர். சேன்-சீர் ராணுவக் கல்லூரியில் படித்துவிட்டு, சோமூரில் இருக்கும் குதிரைப்படைப் பள்ளியில் சேர்ந்து முதல் மாணவராக வெளியே வந்தார். சேன்-சீரில் ஒவ்வொரு ஆண்டு மாணவர் அணிக்கும் ஒரு பெயர் வைப்பார்கள். அவருடைய அணியின் பெயர் 'மெட்ஸும் ஸ்ட்ராஸ்பூர்க்கும்', அதாவது ஜெர்மனியிடம் போய் அப்போதுதான் பிரான்சுக்குத் திரும்பி வந்திருந்த இரண்டு ஊர்கள். அந்த இரண்டாவது ஊர் பின்னால் மறுபடி வரும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் மொரோக்கோ. அங்கே ஸ்பாஹி என்னும் வட ஆப்பிரிக்கக் குதிரை வீரர்களோடு மலையிலும் பாலையிலும் அலைந்தார். (அது பிரான்ஸ் தன் காலனியை அடக்குவதற்காக நடத்திய போர், அதையும் மறக்க வேண்டாம்.) எதிரி எங்கே பலமாக இருக்கிறான் என்று பார்த்து அந்த இடத்தை விட்டுவிடுவது, சந்து கிடைத்தால் நுழைவது, நுழைந்தபின் நிற்காமல் போவது, எல்லாவற்றுக்கும் மேலே தலைவன் முன்னால் போய்த் தன் கண்ணாலேயே பார்ப்பது: குதிரைப்படைக்காரனுக்குச் சொல்லித்தரும் பாடம் இவ்வளவுதான். பிற்பாடு டாங்கிகளை வைத்து அவர் செய்தது எதை எடுத்துப் பார்த்தாலும் இந்தப் பாடம் உள்ளே தெரியும்.

1936-இல் குதிரையிலிருந்து விழுந்து கால் முறிந்தது. அதிலிருந்து கையில் ஒரு தடி. படங்களில் அவர் தடியோடு நிற்பதைப் பார்த்துவிட்டு அது தளபதிகளின் பாவனை என்று நினைக்காதீர்கள், காலுக்கு அது தேவைப்பட்டது.

லெக்லேர் அவருடைய உண்மையான பெயர் இல்லையாமே? ஏன் மாற்றிக்கொண்டார்?
– மதுரை வாசகி

உண்மையான பெயர் பிலிப் த ஓத்குளோக். மாற்றிய காரணம் ஆறு பிள்ளைகளும் மனைவி தெரேசும்.

1940 மே மாதம் ஜெர்மானியர்கள் பிரான்சுக்குள் புகுந்தபோது அவர் ஒரு காலாட்படை டிவிஷனின் தலைமையகத்தில் கேப்டன். வயது 37. லில் நகரத்துக்கு அருகே அந்தப் படை சுற்றி வளைக்கப்பட்டது. சரணடையும் கூட்டத்தில் நிற்க மாட்டேன் என்று மேலதிகாரியிடம் அனுமதி கேட்டுக்கொண்டு தனியாகக் கிளம்பினார், வழியில் பிடிபட்டார். ஆறு பிள்ளைக்காரன், மொரோக்கோவில் பிடித்த மலேரியாவால் ராணுவம் என்னை விடுவித்துவிட்டது என்று ஒரு கதை சொல்ல, விசாரித்த ஜெர்மன் அதிகாரி இளக்காரமாகப் பார்த்துவிட்டுப் போகச் சொல்லிவிட்டார். நேரே வீட்டுக்குப் போயிருக்கலாம். அவர் மறுபடி சண்டைக்குப் போனார். ஜூன் மாதம் பர்கண்டிப் பகுதியில் விமானக் குண்டில் தலையில் அடிபட்டு, சிகிச்சையில் இருந்த இடத்திலேயே இரண்டாவது முறையாகப் பிடிபட்டு, அங்கிருந்தும் தப்பித்தார்! தலைக்கட்டோடு, கிடைத்த சைக்கிளில், சொந்த நாட்டுக்குள்ளேயே ஒளிந்து ஒளிந்து போனார். ஜெனரல் தெ கோல் லண்டனிலிருந்து போரைத் தொடரச் சொல்லி அழைக்கிறார் என்ற செய்தி அப்போதுதான் காதில் விழுந்தது. ஸ்பெயின், போர்ச்சுகல் வழியாக ஜூலை கடைசியில் லண்டன் போய்ச் சேர்ந்தார்.

மனைவியும் பிள்ளைகளும் ஜெர்மானியர் பிடித்த பகுதியில் இருக்கிறார்கள். ஓத்குளோக் என்ற அபூர்வமான பெயர் செய்தியில் அடிபட்டால் அடுத்த நாளே அவர்கள் வீட்டுக் கதவு தட்டப்படும். அதனால் பிக்கார்டியில் தடுக்கி விழுந்தால் ஒரு லெக்லேர் மேல்தான் விழ வேண்டும் என்னும் அளவுக்குச் சாதாரணமான பெயரை எடுத்துக்கொண்டார். ரகசியம் ரொம்ப நாள் தாங்கவில்லை. ஜெர்மனியோடு ஒத்துப்போன விஷி அரசு 1941-இல் அவர் இல்லாமலேயே விசாரித்து மரண தண்டனை விதித்தது, சொத்தையும் பறித்தது.

கீழ்ப்படிதலைத்தான் ராணுவப் பள்ளி முதல் பாடமாகச் சொல்லித்தரும். அந்தப் பாடத்தை முழுசாக நம்பிய ஒருவர், பிற்பாடு விஷி அரசு என்று பெயர் பெற்ற, மார்ஷல் பெத்தானின் சட்டப்படியான அரசு "போரை நிறுத்து" என்றபோது முடியாது என்றார். அன்று அப்படிச் சொன்ன பிரெஞ்சு அதிகாரிகள் மிகக் கொஞ்சம். பிற்பாடு அவர் ஜெயித்த சண்டைகளைவிட இந்த முடிவைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

தனக்குத் தானே பதவி உயர்வு கொடுத்துக்கொண்டாராமே, உண்மையா?
– புதுச்சேரி வாசகர்

உண்மை. தெ கோல் அவரை மேஜருக்குச் சமமான பதவிக்கு உயர்த்தி ஆப்பிரிக்காவுக்கு அனுப்பினார். கமரூனை விஷியின் பிடியிலிருந்து தெ கோல் பக்கம் திருப்ப வேண்டும், கையில் இருந்தது சுமார் 20 பேர். 1940 ஆகஸ்ட் 26 இரவு மரப்படகுகளில் ஏறி துவாலா துறைமுகத்துக்குப் போனார்கள். அங்கே இருப்பவர் தன்னைவிட மேலான பதவியில் இருந்தால் பேச்சு எடுபடாது என்று, கூட வந்த அதிகாரியிடமிருந்து பதவியைக் காட்டும் பட்டிகளை வாங்கித் தன் சட்டைக்கையில் சேர்த்துக்கொண்டு கர்னலாகக் கரையேறினார். விடிந்தபோது துவாலா அவர் கையில். தெ கோல் பின்னால் அந்தக் கர்னல் பதவியை ஏற்றுக்கொண்டார்.

உங்கள் ஊருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. அந்த ஆகஸ்டில் சாட் நாடும் கமரூனும் தெ கோல் பக்கம் வந்தன. அடுத்த மாதமே, செப்டம்பரில், கவர்னர் போன்வென் தலைமையில் புதுச்சேரியும் மற்ற பிரெஞ்சிந்தியப் பகுதிகளும் அதே பக்கம் சேர்ந்தன.

குஃப்ரா சபதம் என்று படித்தேன். அது என்ன?
– திருநெல்வேலி வாசகர், கல்லூரி மாணவர்

தெ கோல் அவரை 1940 டிசம்பரில் சாட் நாட்டுக்கு அனுப்பினார். அங்கிருந்து வடக்கே, ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேலான பாலைவனத்தைத் தாண்டினால், இத்தாலி வசம் இருந்த லிபியாவில் குஃப்ரா என்ற பாலைச்சோலையும் அதைக் காக்கும் ஒரு கோட்டையும். லெக்லேரிடம் இருந்தது சுமார் 400 பேர், பெரும்பாலும் ஆப்பிரிக்கச் சிப்பாய்கள், ஓட்டை உடைசல் லாரிகள், 75 மில்லிமீட்டர் பீரங்கி. உருப்படியாக வேலை செய்த பீரங்கி ஒன்றே ஒன்று. அதை ஒரு இடத்திலிருந்து சுட்டுவிட்டு இன்னொரு இடத்துக்கு இழுத்துப்போய் மறுபடி சுட்டார்கள். கோட்டைக்குள் இருந்தவர்களுக்கு எத்தனை பீரங்கி என்று தெரியவில்லை. காக்க வந்த இத்தாலிய வண்டிப்படையை விரட்டியாகிவிட்டது, பத்து நாளுக்கு மேல் முற்றுகை, 1941 மார்ச் 1-ஆம் தேதி சுமார் 300 பேர் கொண்ட காவல்படை சரணடைந்தது.

மறுநாள் அந்த மணலில் நின்றுகொண்டு தன் ஆட்களிடம் ஒரு சத்தியம் வாங்கினார்: நம் கொடி, நம் அழகான கொடி, ஸ்ட்ராஸ்பூர்க் தேவாலயத்தின் மேல் பறக்கும் வரை ஆயுதத்தைக் கீழே வைக்கக் கூடாது.

எங்கே நின்று இதைச் சொல்கிறார் என்று யோசித்துப் பாருங்கள். சகாராவின் நடுவில், நானூறு பேரோடு. அமெரிக்கா இன்னும் போருக்கே வரவில்லை, பாரிஸில் ஹிட்லரின் கொடி. அவர் பாரிஸ் என்றுகூடச் சொல்லவில்லை. ஜெர்மனி திரும்பத் தன்னோடு சேர்த்துக்கொண்டுவிட்ட, பிரான்சின் கிழக்குக் கடைசியில் இருக்கிற ஊரைச் சொன்னார். அவர் படித்த அணியின் பெயரில் இருந்த அதே ஊர்.

பாரிஸுக்கு உத்தரவு இல்லாமலேயே படையை அனுப்பினார் என்கிறார்களே?
– சென்னை வாசகர்

படை முழுவதையும் இல்லை, ஒரு சிறு பகுதியை. அதற்கு முன்னால் கொஞ்சம் கதை இருக்கிறது. குஃப்ராவுக்குப் பிறகு லிபியாவின் ஃபெசான் பகுதியைப் பிடித்து, 1943 ஜனவரியில் திரிப்போலியில் பிரிட்டிஷ் தளபதி மான்ட்கோமரியோடு சேர்ந்தார், துனீசியாவில் சண்டையிட்டார். அந்த ஆண்டு மொரோக்கோவில் அமெரிக்க ஷெர்மன் டாங்கிகளோடு அவருக்கு ஒரு முழு டிவிஷன் அமைந்தது: இரண்டாம் கவச டிவிஷன். நேற்று வரை விஷியின் கீழே இருந்த 12-ஆம் குய்ராசியே ரெஜிமென்டும் முதல் நாளிலிருந்தே தெ கோலோடு நின்றவர்களும் ஒரே டிவிஷனில். ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்ட பக்கங்கள். அவர்களை ஒன்றாக உட்காரவைத்துச் சாப்பிட வைத்ததே பெரிய வேலை.

1944 ஆகஸ்ட் 1-ஆம் தேதி நார்மண்டிக் கரையில் இறங்கினார்கள். ஆகஸ்ட் 12 அன்று அலான்சோன் நகரம் கையில். பாரிஸில் மக்கள் எழுச்சி தொடங்கிவிட்டது, ஆனால் அமெரிக்கத் தலைமைக்கு அந்த நேரத்தில் பாரிஸ் வேண்டாத சுமை, சுற்றிக்கொண்டு போய்விடலாம் என்பது திட்டம். லெக்லேரால் இருப்புக்கொள்ளவில்லை. ஆகஸ்ட் 21 அன்று சுமார் 150 பேரை, இலகு டாங்கிகளோடும் கவச வண்டிகளோடும், தனக்கு மேலே இருந்த அமெரிக்க ஜெனரல் ஜெரோவிடம் கேட்காமலேயே பாரிஸ் திசையில் அனுப்பிவிட்டார். தெரிந்ததும் ஜெரோவுக்குக் கடும் கோபம், திரும்பக் கூப்பிடு என்றார். லெக்லேர் கூப்பிடவில்லை. மறுநாள் மாலை ஜெரோவுக்கும் மேலே இருந்த ஜெனரல் பிராட்லியிடமிருந்து பாரிஸ் போகச் சொல்லி உத்தரவே வந்துவிட்டது.

24-ஆம் தேதி புறநகரில் ஜெர்மன் எதிர்ப்பில் படை சிக்கித் தயங்கியபோது கேப்டன் துரோன் என்பவரைப் பார்த்து, வழியில் எதையும் பார்க்காதே, நேரே பாரிஸுக்குள் போ என்று அனுப்பினார். பலமான இடத்தை விட்டுவிட்டுச் சந்தில் நுழை என்ற சோமூர் பாடம்தான். மூன்று ஷெர்மன்களும் சுமார் 150 பேரும் இரவு ஒன்பதரை மணிக்குள் நகர மண்டபத்துக்கு முன்னால் போய் நின்றார்கள். வீரர்கள் ஏறி வந்த கவச வண்டிகளின் மேல் எழுதியிருந்த பெயர்கள் குவாதலஹாரா, தெருவெல், எப்ரோ... எல்லாம் ஸ்பெயின் உள்நாட்டுப் போர்க்களங்கள்! அந்தப் போரில் ஜெனரல் ஃபிராங்கோவிடம் தோற்று அகதிகளாக ஓடிவந்த ஸ்பானியக் குடியரசுக்காரர்கள் நிறைந்த கம்பெனி அது. மறுநாள் லெக்லேர் ஒர்லேயான் வாசல் வழியாக உள்ளே வந்தார். பாரிஸில் இருக்கும் நம் ஆட்களுக்குத் தெரிந்திருக்கும், மெட்ரோவின் போர்த் தோர்லேயான் நிலையப் பலகையில் ஜெனரல் லெக்லேர் பெயரும் சேர்ந்தே இருக்கும். அன்று பிற்பகல் ஜெர்மன் தளபதி ஷோல்டிட்ஸ் சரணடைந்து கையெழுத்துப் போட்டார்.

அவர் படையில் பெண்கள் இருந்தார்களா?
– கோயம்புத்தூர் வாசகி

இருந்தார்கள். ரோஷம்போ குழு என்ற பெயரில் ஆம்புலன்ஸ் ஓட்டிய பெண்கள், அமெரிக்காவில் திரட்டப்பட்டு வந்தவர்கள். லெக்லேருக்கு முதலில் விருப்பமே இல்லை, வண்டிகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்ற மாதிரி பேசிப்பார்த்தார். பெண்கள் இல்லாமல் வண்டி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். குண்டு விழும் இடத்திலிருந்து காயம்பட்டவர்களைத் தூக்கி வந்து அவர் மனதை மாற்றியவர்கள் அந்தப் பெண்களேதான்.

குஃப்ராவில் சண்டையிட்ட ஆப்பிரிக்கச் சிப்பாய்கள் பாரிஸுக்கு வந்தார்களா? புகைப்படங்களில் காணோமே.
– விழுப்புரம் வாசகர், ஆசிரியர்

சரியான இடத்தில் கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலானவர்கள் வரவில்லை. மொரோக்கோவில் டிவிஷனை அமெரிக்க முறையில் மாற்றி அமைத்தபோது கருப்பினச் சிப்பாய்களை விலக்கிவிட்டார்கள். அமெரிக்க ராணுவமே அப்போது நிறம் பார்த்துப் பிரிக்கப்பட்ட ராணுவம், பிரெஞ்சுத் தலைமையும் அதற்கு ஒத்துப்போனது. வட ஆப்பிரிக்க முஸ்லிம் வீரர்கள் டிவிஷனில் இருந்தார்கள். ஆனால் அந்த மணலில் சத்தியம் செய்த சாட் நாட்டுச் சிப்பாய்களில் பெரும்பாலோருக்கு ஸ்ட்ராஸ்பூர்க்கைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. மேலிடத்து உத்தரவை எத்தனையோ முறை மீறிய லெக்லேர் இதை மீறவில்லை. எனக்கு அவர்மேல் இருக்கும் மரியாதை எவ்வளவோ, அவ்வளவு வருத்தம் இந்த விஷயத்தில் உண்டு.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1945 மே 8 அன்று, போர் முடிந்த நாளில், பவேரியாவின் பாட் ரைஷன்ஹால் ஊருக்கு அருகே, ஹிட்லரின் நாஜிக் கட்சிப் படையான எஸ்.எஸ்.ஸின் சீருடை அணிந்த பிரெஞ்சுக் கைதிகள் சுமார் 12 பேர் விசாரணை இல்லாமல் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கொன்றது அவருடைய டிவிஷன். அவர்கள் எந்தப் பக்கம் நின்றவர்களாக இருந்தாலும் கைதிகள்.

கடைசியில் அந்தச் சபதம் நிறைவேறியதா?
– சேலம் வாசகர்

நிறைவேறியது. முதலில் செப்டம்பரில் தொம்பேர் என்ற ஊரில் ஒரு ஜெர்மன் டாங்கிப் படைப்பிரிவை, அமெரிக்க விமானங்களின் உதவியோடு, நொறுக்கினார்கள். நவம்பரில் வோழ் மலைகள் குறுக்கே நின்றன. சவேர்ன் கணவாயின் பிரதான சாலையை ஜெர்மானியர் பலமாக அடைத்துவைத்திருந்தார்கள். லெக்லேர் அந்தச் சாலையை விட்டுவிட்டு, டாங்கி போகாது என்று எல்லோரும் நினைத்த ஒடுக்கமான மலைப்பாதைகளில், கொட்டும் மழையில், ஷெர்மன்களை ஏற்றிப் பின்பக்கமாக வந்து இறங்கினார். நவம்பர் 23 காலையில் பல வழிகளில் ஸ்ட்ராஸ்பூர்க்கை நோக்கிப் படையை விட்டார், ஒன்று தடைபட்டாலும் இன்னொன்று நுழையும் என்ற கணக்கு. வானொலியில் ஒரு சங்கேதம் வந்தது: "துணி அயோடினுக்குள் இருக்கிறது." அதாவது ருவில்வா என்ற அதிகாரியின் பிரிவு ஊருக்குள் போய்விட்டது. அந்தப் பிரிவு எது தெரியுமா? விஷி பக்கத்திலிருந்து வந்த அதே 12-ஆம் குய்ராசியே.

அன்றே தேவாலயக் கோபுரத்தில் ஒரு ஸ்பாஹி வீரர் ஏறிக் கொடி கட்டினார். லெக்லேருக்கு முந்தின நாள்தான் 42 வயது நிறைந்திருந்தது.

லெக்லேர் இலங்கைக்கு வந்திருக்கிறாரா?
– கண்டி வாசகர்

உங்கள் ஊருக்கேதான் வந்தார். தென்கிழக்கு ஆசியாவின் நேச நாட்டுத் தளபதி மவுன்ட்பேட்டனின் தலைமையகம் அப்போது கண்டியில் இருந்தது. 1945 ஆகஸ்டில், இந்தோசீனாவுக்கு (வியட்நாம், லாவோஸ், கம்போடியா அடங்கிய பிரெஞ்சுக் காலனி) போகும் பிரெஞ்சுப் படைக்குத் தலைவராக லெக்லேர் அங்கே வந்து அவரைச் சந்தித்தார். அங்கிருந்து டோக்கியோ விரிகுடாவுக்குப் போய், செப்டம்பர் 2 அன்று மிசோரி என்ற அமெரிக்கப் போர்க்கப்பலில் ஜப்பானின் சரணாகதிப் பத்திரத்தில் பிரான்சின் சார்பில் கையெழுத்துப் போட்டார்.

அக்டோபரில் சைகோன். தெற்கு வியட்நாமை ஆயுதத்தின் பலத்தால்தான் திரும்பப் பிடித்தார், அதை மறைப்பதற்கில்லை. ஆனால் அங்கே சில மாதம் இருந்து பார்த்துவிட்டு, இந்த மக்களின் விடுதலை வேட்கையைத் துப்பாக்கியால் தீர்க்க முடியாது, வியட்நாம் விடுதலை இயக்கத்தின் தலைவர் ஹோ சி மின்னோடு பேசித்தான் ஆகவேண்டும் என்று சொல்லத் தொடங்கினார். 1946 மார்ச் 6 அன்று ஹோ சி மின்னோடு ஏற்பட்ட உடன்பாட்டை அவர் ஆதரித்தார், அவருக்கு மேலே இருந்த அட்மிரல் தார்ஷான்லியே அதை விரும்பவில்லை. ஜூலையில் லெக்லேர் அங்கிருந்து கிளம்பிவிட்டார், அந்த ஆண்டு முடிவதற்குள் முழுப் போர் வெடித்தது. மறுபடி ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு 1947 ஜனவரியில் கொடுத்த அறிக்கையிலும், தேசியப் பிரச்சினை தீராதவரை கம்யூனிச எதிர்ப்பு என்னும் நெம்புகோலுக்கு ஊன்ற இடம் இல்லை என்று எழுதினார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவருடைய முடிவு எப்படி? பிள்ளைகள் என்ன ஆனார்கள்?
– தஞ்சாவூர் வாசகி

1945-இல் சட்டப்படி லெக்லேர் என்ற பெயரைக் குடும்பப் பெயரோடு சேர்த்துக்கொண்டார்: லெக்லேர் த ஓத்குளோக். வட ஆப்பிரிக்கப் படைகளைப் பார்வையிடும் பொறுப்பில் இருந்தபோது, 1947 நவம்பர் 28 அன்று, அல்ஜீரியாவின் கொலோம்-பெஷார் அருகே அவர் சென்ற விமானம் விழுந்து, அதில் இருந்த அனைவரும் இறந்தார்கள். வயது 45. இறந்தபின் 1952-இல் மார்ஷல் பட்டம் கொடுத்தார்கள். இப்போது பிரெஞ்சு ராணுவத்தின் முக்கியமான டாங்கிக்கு லெக்லேர் என்றே பெயர்.

தெரேஸ் ஆறு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு கணவர் இல்லாத அந்த நான்கு ஆண்டுகளை ஓட்டினார். 1944-இல் மூத்த இரண்டு மகன்கள், ஆன்ரியும் உபேரும், பதின்ம வயது தாண்டுவதற்குள் அப்பாவின் டிவிஷனிலேயே சேர்ந்தார்கள். ஆன்ரி அதற்குப் பிறகும் ராணுவத்தில் இருந்தார். 1952-இல், அப்பாவுக்கு மார்ஷல் பட்டம் வந்த அதே ஆண்டில், இந்தோசீனாப் போரில் இறந்தார்.